பிரேக்குக்கு இட்ட அரக்கு முத்திரையை உடைத்தது குறித்து வேங்கைமலை அரசி விடுத்த ஓலை

மழை தவறாத வேங்கைமலையின் கணவாய்களுக்குக் காவலாய் நிற்பவளும், தந்தையின் வாளையும் தாயின் பிடிவாதத்தையும் ஒருங்கே பெற்றவளுமாகிய பெருநங்கைத் தேவி, மணிகூடபுரத்துப் பேரரசரின் வலக்கையாய் விளங்கும் தலைமை அமைச்சர் செயங்கொண்ட விழுப்பரையருக்கு விடுக்கும் ஓலை. பேரரசர் நோயின்றி வாழ்க. உம் நாட்டு ஏரிகள் கரை தொட்டு நிறைக. உம் களஞ்சியங்களில் எலி புகாதிருக்க. இவ்வாழ்த்தை மனமாரச் சொன்னேன். இனி எழுதப்போவது வாழ்த்தன்று.

உம் தூதன் கொணர்ந்த ஓலையைக் கண்டேன். அரச முத்திரையை உடைத்த குற்றத்துக்காக எம் வண்டியோட்டி கொற்றியை விலங்கிட்டு அனுப்பவேண்டும் என்றும், அங்கே அவளுடைய வலக்கை துணிக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. பாதியிலேயே எழுந்துவிட்டேன், உட்கார்ந்தபடி படிக்கத்தக்க ஓலையாக அது இல்லை. நடந்தது இன்னதென்று ஒருவரையும் கேளாமல் தீர்ப்பை எழுதிவிட்டீர். ஆகவே கேளாததை நானே சொல்கிறேன்.

எம் மலையில் மனிதர் கால் வைக்க அஞ்சும் சரிவுகளுக்குச் சிறு பாறையேறி வண்டிகளை அனுப்புவது வழக்கம். கோழியளவே இருக்கும் அவ்வண்டி, தொலைவில் நிற்பவர் கையிலுள்ள ரிமோட்டுக்கு அடங்கி, மெத்தென்ற நான்கு சக்கரங்களால் பாறையைக் கவ்வி ஊர்ந்து செல்லும். விசையிலிருந்து விரலை எடுத்ததும் சக்கரங்களை இறுக்கி, நின்ற இடத்திலேயே வண்டியை நிறுத்தி வைப்பது அதன் பிரேக். உம் எந்திரசாலையார் அதற்கு வேறு நீண்ட பெயர் வைத்திருக்கலாம். இங்கே எல்லோரும் பிரேக் என்றே சொல்வதால் நானும் அவ்வாறே எழுதுகிறேன். அந்தப் பிடி எவ்வளவு இறுகவேண்டும், எவ்வளவு விரைவில் இறுகவேண்டும் என்னும் இரண்டையும் வண்டியின் வயிற்றிலுள்ள சிறு பெட்டியில் கூட்டலாம், குறைக்கலாம். சமதரைக்கு ஓர் அளவு, செங்குத்துக்கு வேறு அளவு. இதில் மறைபொருள் ஒன்றுமில்லை.

சென்ற திருவிழாவில், பேரரசருக்கு மாலை ஏந்திவந்த வண்டியொன்று அரண்மனைப் படியில் சட்டென்று நின்று குப்புறக் கவிழ்ந்ததாம். மாலை மண்ணில் விழுந்ததாம். அதற்காக எந்திரசாலை நாயகம் குலபூஷணர், நாடெங்கும் உள்ள வண்டிகளின் பிரேக்கைப் பாதியாகக் குறைத்து, பெட்டிகளை அரக்கால் மூடி, அரச முத்திரை பதித்தார். கவிழ்ந்தது உம் படியில். பிடி தளர்ந்தது எம் மலையில். இது ஆகாது என்று அப்போதே ஓலை அனுப்பினேன். மறுமொழியாக ஒரு கண்காணியை அனுப்பினீர், முத்திரைகளைக் காவல் காக்க!

கார்மழையின் நடுவே கீழைச்சரிவு இடிந்தது. தேனெடுக்கச் சென்ற அந்துவனும் அவன் மனைவி வேம்பியும் தாம் போன பாதை மேலும் கீழும் அறுந்துவிட, ஒரு பாறை விளிம்பில் சிக்கினர். நடுவே பாறை புடைத்து நின்றதால் வீசிய கயிறு அவர்களைச் சேரவில்லை. ஆள் இறங்கினால் கற்கள் உருண்டன. சரிவின் குறுக்கே ஒரு வண்டி ஊர்ந்துபோய் நூலொன்றைச் சேர்த்தால், நூலில் கயிற்றையும் கயிற்றில் வடத்தையும் கட்டி இருவரையும் மீட்கலாம். கொற்றி இரு வண்டிகளோடு வந்தாள். ஊர் அறிந்த வாய்த்துடுக்குக்காரி அவள், சரிவைப் பார்த்ததும் கண்காணியிடம், "ஐயா, பாதிப் பிடியில இது நிக்காது. அரக்கை உடைச்சு நான் சரிபண்ணிக்கிறேன்" என்றாள். அவரோ, "முத்திரையைத் தொட்டால் கை போகும். உள்ளது உள்ளபடி ஓட்டு" என்றார். அவளும் விடவில்லை. "கை போனா எனக்கு. உசுரு போனா அவங்களுக்கு. எது பெருசு?" என்று கேட்டாள். கண்காணியின் வேலாட்கள் அவளுக்கும் வண்டிப்பெட்டிக்கும் நடுவே வந்து நின்றனர்.

உள்ளபடியே ஓட்டினாள். பாதி வழியில், எந்தப் பிளவில் திருப்புவது என்று பார்க்க ஒரு கணம் விரலை எடுத்தாள். நிற்கவேண்டிய வண்டி வழுக்கியது. சக்கரத்தை எதிர்ப்புறம் சுழற்றிப் பார்த்தாள். சரிவு அதைவிட வேகமாக இழுத்தது. நூல் பாறைமுனையில் அறுந்தது. உருண்ட வண்டி பெயர்த்த கல் அந்துவனின் முழங்காலுக்குக் கீழே விழுந்து எலும்பை முறித்தது. அவன் அலறல் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்ததென்று நின்றவர்கள் சொன்னார்கள். அப்போது நான் அடிவாரத்தில் வீடிழந்தவர்களோடு இருந்தேன். செய்தி கேட்டு மேலேறி வந்தேன். கொற்றி அழவில்லை. கையில் எஞ்சியிருந்த மற்றொரு வண்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்காணியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"உடை" என்றேன்.

"அம்மா, இது ராசா முத்திரை" என்றாள்.

"கேட்பவர்க்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உடை."

என்னைக் கண்டு வேலாட்கள் விலகினர். கல்லால் ஒரே தட்டு. பிடியை முழுமைக்கு ஏற்றினாள். பக்கத்துப் பாறையில் இறக்கிப் பார்த்தபோது, உம் அரண்மனைப் படியில் நேர்ந்தது போலவே வண்டி மூக்கு குத்திக் கவிழ்ந்தது. கண்காணி சிரித்தார். அச்சிரிப்பை நான் மறக்கமாட்டேன். கொற்றியோ பிடியின் அளவைக் குறைக்காமல், அது இறுகும் வேகத்தை மட்டும் தணித்தாள். மீண்டும் விட்டாள். வண்டி ஊர்ந்து, மெல்லத் தயங்கி, பாறையோடு ஒட்டியது போல நின்றது. மாலை விழுந்த அன்றே இதைச் செய்திருந்தால் உம் மாலையும் விழாது, எம் ஆளின் காலும் முறியாது. நாயகம் என்னும் பட்டம் தாங்கியவர் வண்டியைத் தொட்டுப் பாராமல் சட்டத்தை எழுதினார்!

பிறகு அவ்வண்டி சரிவின் குறுக்கே போயிற்று. கொற்றி விரலை எடுத்த இடங்களிலெல்லாம் அது நின்றது. அவள் பார்த்தாள், எண்ணினாள், நகர்த்தினாள். ஒருமுறை ஒரு சக்கரம் வெறும் காற்றில் தொங்கியது. மற்ற மூன்றும் விடவில்லை. வேம்பி கை நீட்டி நூலைப் பற்றியபோது மலையில் ஒருவரும் கூவவில்லை. கல் விழுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டே அழுதார்கள். நூல் போய்க் கயிறு வந்தது, கயிறு போய் வடம் வந்தது. முதலில் அந்துவனைக் கூடையில் கட்டி அனுப்பிவிட்டு, தனியே அந்த விளிம்பில் காத்திருந்து, கடைசியில் வேம்பி வந்தாள்.

இது குற்றமென்று எழுதியிருக்கிறீர். முத்திரையின் பெருமை குலைந்தது என்கிறீர். குடிகளைக் காக்கவன்றோ பேரரசர் முத்திரை இடுகிறார்? குடிகளைக் கொல்ல அதைக் காவல் வைத்தவர் எவரோ, அதன் பெருமையைக் குலைத்தவர் அவரே. என் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு என் குடியின் கையை விலையாகக் கேட்கும் துணிவு உமக்கு எப்படி வந்தது?

ஆகவே அறிக. கொற்றியை அனுப்பமாட்டேன். உம் கண்காணியையும் உடனே திருப்பி அனுப்புகிறேன். உண்ண உணவும் ஏறக் குதிரையும் கொடுத்தே அனுப்புகிறேன். எம் எல்லையிலுள்ள வண்டிகள் அனைத்தின் அரக்கும் இன்றே உடைக்கப்படும். பாறையின் முன் நிற்பவரே பிரேக்கின் அளவை வைப்பார் என்பது இனி வேங்கைமலையின் சட்டம். குலபூஷணர் இதை மறுப்பாராயின், பாதிப்பிடி வண்டியொன்றை எடுத்துக்கொண்டு இங்கே வரட்டும். கீழைச்சரிவின் விளிம்பில் அவரை அமர்த்தி, அவர் வண்டியையே அவருக்குத் தண்ணீர் கொண்டுபோக அனுப்புவேன்.

மழை விட்ட காலையில், கோட்டை முற்றத்தில், படித்துக் காட்டக் கேட்டுக் குடிகள் அனைவரும் ஒப்ப, என் கையொப்பமும் வேங்கைப்பூ முத்திரையும் இட்டேன்.

இவ்வோலையைக் கொண்டு வருபவள் வேம்பி. வேறு ஆளை அனுப்புகிறேன் என்றதற்கு, "நானே போறேன், அவங்க மொகத்தப் பாக்கணும்" என்றாள். அவளுக்கு இருக்கை தந்து, அவள் சொல்லி முடிக்கும்வரை கேளும். கேட்ட பின்பும் கொற்றியின் கை வேண்டுமென்று தோன்றினால், அதை வேம்பியிடம் உம் வாயால் சொல்லும்.