பாய்மரத்துக்கு மூன்று கயிறு

மகளின் அப்பாவுக்கு,

போனில் என்னைப் பேச விடமாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். கட்டாரிலிருந்து நீங்கள் சொன்னபடிதான் தோணியின் பாய்மரத்தை மூன்று கயிறுகளால் இழுத்துக் கட்டினேன். தாழ்வான பாலத்தடியில் மரத்தைச் சாய்க்கக் கயிறுகளை அவிழ்ப்பதற்குள் தோணி தூணில் மோதிக் கவிழ்ந்தது. காலில் கயிறு சுற்றி, மூச்சு முட்டி, ஒருவழியாகக் கரையேறினேன்.

அதைச் சொன்னதும், "மரம் முறிஞ்சிட்டுதா?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். பிறகு, "நீ கட்டினது பிழை" என்றீர்கள்.

கயிறுகளை வெட்டி எறிந்துவிட்டேன். இப்போது மரம் குறுக்குப் பலகையின் துளையில் தனியாகவே நிற்கிறது. பாலம் வந்தால் ஒரே தூக்கில் கழற்றுகிறேன். இன்று வாவிக்குப் போய் இறாலோடு திரும்பினேன்.

இந்த வருடமும் லீவு இல்லை என்று உங்கள் தம்பிதான் சொன்னார். இனித் தோணியைப் பற்றி அங்கிருந்து சொல்ல வேண்டாம். வந்து, ஏறி, பாலத்தடிவரை ஒருமுறை போய்விட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி