குப்பியா, எலியா, மனுசனா

நான்கு நாட்களாக எங்கள் குளியலறைத் தண்ணீர் வெளியேறும் வாய்க்காலில் ஒரு தவளை குடியிருக்கிறது. வந்த அன்று அதன் முதுகில் ஒரு கீறல் இருந்தது. பூனை பிறாண்டியிருக்க வேண்டும். சோப்பு நுரையும் சோற்றுப் பருக்கையும் தேங்கி நாறுகிற இடம் அது. ஆனாலும் இன்று காலை பார்த்தபோது கீறல் வெளுத்த கோடாகச் சுருங்கியிருந்தது. சீழ் இல்லை. பல் துலக்குகிற பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நெடுநேரம் பார்த்தேன். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஒரு நாளிதழின் காரைக்குடி நிருபர். நீங்கள் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். நாம் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். ஆண்டு விழாச் செய்தி வாங்க வந்தவனை உங்கள் ஆய்வகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஃபார்மலின் வாடை கண்ணைக் கரித்தது. நீங்கள் நிமிர்ந்து பார்க்காமலே, "மூக்கைப் பொத்தாதீக நிருபரே, கொஞ்ச நேரத்துல பழகிரும்" என்றீர்கள். ஒரு நிமிடம் விட்டு, "பழகினதுக்கப்புறம் போக மனசு வராது, அது வேற" என்றீர்கள். அப்படித்தான் ஆயிற்று.

ஓடிப்போன தவளையின் கதையை அன்றுதான் சொன்னீர்கள். அறுவைத் தட்டில், மயக்கம் முழுதாக ஏறுவதற்குள் ஒரு மாணவியின் கத்தரி வழுக்கி வயிற்றில் வெட்டு விழ, தவளை துள்ளி ஓடிவிட்டது. பத்து நாள் கழித்துக் கட்டடத்துக்குப் பின்புறச் சாக்கடையில் அதே தவளையைப் பிடித்தீர்கள். வெட்டு ஆறியிருந்தது.

"நம்ம காலுல அந்தச் சாக்கடை பட்டிருந்தா என்னாகியிருக்கும்? சொல்லுங்க."

நீங்களே சொன்னீர்கள். தவளைத் தோலில் புரதத்தின் சிறு துணுக்குகள் கசிகின்றன, பெப்டைடு என்று பெயர், அவை கிருமியின் மேலுறையில் பொத்தல் போட்டுக் கொன்றுவிடுகின்றன என்று. "நம்மகிட்டயும் அந்தச் சரக்கு இருக்கு. குடலுக்குள்ள கோடிக்கணக்குல கிருமி கெடந்தும் குடல் அழுகலையே, ஏன்? உள்சுவருல இருக்கிற செல்லு இதே மாதிரி சுரந்து, கிருமிய எட்ட நிறுத்தி வச்சிருக்கு."

"நம்ம ஊர் பெரிய வீட்டுச் சுவர் மாதிரின்னு எழுதிக்கிடவா மேடம்?"

"அந்தச் சுவரு ஒன்றரை முழம். இது ஒரே ஒரு செல்லு கனம். உவமை சொன்னா அளவு பாக்க வேண்டாமா?"

முப்பது வருடத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன். என் உவமையை முழக்கோலால் அளந்து திருப்பித் தந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புது மருந்துச் செய்தியைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எதுல பாத்தாக? குப்பியிலயா, எலியிலயா, மனுசன்லயா?" ஆய்வகக் குப்பியில் கிருமி செத்தால் அது ஒரு படி. எலி பிழைத்தால் இன்னொரு படி. மனிதனில் பார்த்து முடிக்கும்வரை, மருந்து என்ற சொல்லை நீங்கள் வாயில் எடுக்க மாட்டீர்கள்.

அன்று கிளம்பும்போது வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னீர்கள். கல்லல் பக்கத்துக் கிராமத்தில் ஆரம்பப்பள்ளி ஆசிரியராக இருந்த உங்கள் அப்பா சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, ஒரு வருடத்துக்குள் இறந்தவர். "காலைல பணியாரம், மத்தியானம் மலையாட்டம் வெள்ளச்சோறு, சாயங்காலம் சீனி கரையாத காபி. காயி தொட்டுக்கத்தான். இந்தச் சாப்பாடு அந்த உள்சுவரைப் பலங்கெடுக்குதோ, அங்க ஆரம்பிச்சுத்தான் சர்க்கரை வருதோன்னு எனக்கு ஒரு நெனப்பு. நெனப்புத்தான். எழுதிப்புடாதீக."

அதை நான் எழுதவில்லை. வேறு தப்பைச் செய்தேன்.

தவளைத் தோலின் பெப்டைடைச் சர்க்கரைப் புண்ணுக்கு மருந்தாக்க வெளிநாட்டில் முயல்கிறார்கள் என்று சொல்லியிருந்தீர்கள். "மனுசன்ல இப்பத்தான் பாக்குறாக, முடிவு வரல" என்பதையும் சேர்த்தே சொன்னீர்கள். என் குறிப்பேட்டில் இரண்டும் இருந்தன. எழுதும்போது இரண்டாவது பாதி வாக்கியத்தைத் தளர்த்துவதுபோலப் பட்டது. வெட்டினேன். "ஆற்றலாம்" என்பதை "ஆற்றும்" ஆக்கினேன். அலுவலகத்தில் அதையே தலைப்பாக்கினார்கள். இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

பத்தாம் நாள் காலை உங்கள் தொலைபேசி. "உடனே வாங்க. உங்க வாசகர் ஒருத்தர் வந்திருக்காக."

ஆய்வகத்தில் சவரியம்மாள் நின்றுகொண்டிருந்தார். நாச்சியாபுரத்துக்கு அங்கிட்டுள்ள ஒரு கிராமத்துக்காரர். கையில் என் செய்தி, நான்காக மடித்தது. கணவர் அடைக்கலத்துக்குக் கால்விரலில் சர்க்கரைப் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர், பேப்பரைப் படித்ததும் போவதை நிறுத்திவிட்டார். கண்மாயில் தவளை பிடித்து, தோலை உரித்து, புண்ணில் வைத்துக் கட்டிக்கொள்கிறார்.

"அந்த மருந்தையே வாங்கிட்டுப் போவோம்னு வந்தேன் டீச்சர். தோலு வீச்சம் தாங்கல. காலு முட்டி வரைக்கும் சுடுது" என்றார்.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. மேசை மேலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, "வண்டி ஒண்ணு பிடிங்க" என்றீர்கள்.

வாடகைக் காரில் மூவரும் போனோம். அடைக்கலம் வேப்பமரத்தடிக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்திருந்தார். ஆஸ்பத்திரி என்றதும் முகம் இறுகியது.

"அங்குட்டுப் போனா வெட்டத்தான் செய்வாக. பேப்பர்லயே போட்ருக்கே, தவளைத்தோலு ஆத்தும்னு."

"போட்டவரையே கூட்டியாந்திருக்கேன் அண்ணே. நீங்களே கேளுங்க" என்று நீங்கள் தள்ளி நின்றுகொண்டீர்கள்.

"முழுக்கத் தப்புன்னு இல்ல..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அதுவே போதுமாக இருந்தது.

"தப்பா எழுதிட்டேன் அண்ணே" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அச்சுல வந்தது தப்பா, இப்ப வாயில சொல்றது தப்பா? ரெண்டுல எதை நம்ப?"

நீங்கள் கட்டில் பக்கத்தில் மண்தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தீர்கள். எழுந்த நாற்றத்தில் நான் இரண்டடி பின்வாங்கினேன். நீங்கள் முகம் சுளிக்காமல் அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசினீர்கள்.

"தவளை உசுரோட இருக்கையிலதான் அந்தத் தோலு வேலை செய்யும் அண்ணே. உரிச்சுட்டா அது வெறும் பொணம். பொணத்தைப் புண்ணுல வச்சுக் கட்டியிருக்கீக. எங்கப்பாவும் வெட்டுவாகன்னு பயந்து ஒளிச்சு வச்சாரு. விரலோட போக வேண்டியது காலோட போச்சு."

அடைக்கலம் உங்கள் மடியிலிருந்து காலை மெல்ல எடுத்துக் கீழே ஊன்றினார். பிறகு மனைவியிடம், "துண்டை எடு, போவோம்" என்றார்.

அரசு மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் தப்பியிருக்காது என்று மருத்துவர் உங்களிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். திரும்பும்போது, "தலைப்பு அலுவலகத்தில் போட்டது மேடம்" என்றேன். "தலைப்பு அவுக போட்டது. 'லாம்'ங்கிறதை யாரு எடுத்தா?" என்றீர்கள்.

திருத்தம் வெளியிட ஆசிரியர் நான்கு வரி கொடுத்தார். உங்களுக்கு அது போதவில்லை. "தப்பு எத்தனை வரி? அத்தனை வரி வேணும்." இரண்டு வாரம் நச்சரித்து, அதே அளவு இடம் வாங்கினேன். என்ன தெரியும், என்ன தெரியாது, புண் வந்தால் எங்கே போக வேண்டும் என்பதை எழுதினேன். வரைவை நீங்கள் பென்சிலால் திருத்தினீர்கள். "அற்புதம்", "புரட்சி" எல்லாம் போயின. உங்கள் பெயரை விட்டுவிடவா என்று கேட்டதற்கு, "போடுங்க. தப்பா இருந்தா வந்து கேக்க ஒரு ஆளு வேணுமில்ல" என்றீர்கள். என் துறையில் பெரிய மனிதர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தப்புக்கு முகவரி கொடுத்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

எனக்குத் தெரிந்தவரை அந்தத் தவளை மருந்து கடைக்கு வரவே இல்லை. ஆனால் எழுதக் கூடாது என்று சொன்ன உங்கள் நினைப்பு ஆய்வுக் கட்டுரைகளில் வந்திருக்கிறது. நார் குறைந்து கொழுப்பும் சீனியும் மிகுந்த சாப்பாடு குடலின் உள்சுவரைத் தளர்த்துகிறது, அங்கே சுரக்கும் பெப்டைடும் குறைகிறது, கிருமிகளின் சிதைவுகள் ரத்தத்தில் கசிந்து ஓயாத அழற்சியை மூட்டுகின்றன, சர்க்கரை நோய்க்கு அதுவும் ஒரு வழியாகலாம் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். படித்த அன்று துள்ளினேன். உடனே உங்கள் குரல் கேட்டது. பார்த்தேன் மேடம். பெரும்பாலும் எலியில். மனிதனில் கொஞ்சம்.

உங்கள் அடக்கத்துக்கு அடைக்கலம் கம்பூன்றி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, என்னிடம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தாலும் வாய் அடங்கவில்லை.

"நிருபரே, டீச்சரும் போயாச்சு. எனக்கு மிச்சம் எட்டு வெரலு இருக்கு. பாத்து எழுதுங்க."

இன்று நான் முடிக்க வேண்டிய கட்டுரை குடல் சுவரைப் பற்றியதுதான். தவளையை அதன் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன். கடைசிப் பத்தியில், நார் மிகுந்த உணவு "குடல் சுவரைக் காக்கும், சர்க்கரை நோயைத் தடுக்கும்" என்று எழுதியிருந்தேன். நேற்று எழுதியபோது வாக்கியம் இறுக்கமாக, நன்றாகவே இருந்தது. பென்சிலை எடுத்து, விட்டுப்போன "லாம்" இரண்டையும் அதனதன் இடத்தில் சேர்த்தேன். அடுத்து, எதில் பார்த்தார்கள் என்று ஒரு வரி. வாக்கியம் தளர்ந்துவிட்டது. அடைக்கலத்தின் எட்டு விரல்களும் அப்படியே இருக்கின்றன.