நாலே முக்காலுக்கு வரும் கேள்வி

நவம்பர் 3, திங்கள்

எங்கள் மலையாளப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் இன்றும் ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. நாற்பது தலைகள், இருபது டேப்லெட், சுவர் அகலத்துக்குத் திரை. என் பாட வீடியோவை வீட்டில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்களாம். நேரில் நான் இழுக்கிறேனாம் — திமிரைப் பார்! ஆனால் பெயர் காட்டாமல் கேட்கலாம் என்று போன மாதம் ஆப்பில் திறந்து வைத்த கேள்விப்பெட்டி மட்டும் நிரம்பி வழிகிறது. வாய்க்குத்தான் வெட்கம், விரலுக்கு இல்லை.

அதில் ஒரு ஆள் விசித்திரம். எழுத்து மலையாளம், வாசித்தால் தமிழ்! "தோசைக்கல்லு கொஞ்சம் காஞ்சா தெளிச்ச தண்ணி உடனே போயிருது. ரொம்பக் காஞ்சா துளி உருண்டு ஓடுது, போகமாட்டேங்கு. சூடு கூடினா வேகமாத்தான போகணும்?"

இருபது வருஷமாகத் தோசை வார்க்கிறேன், பிசிக்ஸும் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டையும் சேர்த்து ஒருநாள் யோசித்தேனா?

நவம்பர் 6, வியாழன்

அதே ஆள். கொதிக்கப் போகிற தண்ணீர் ஏன் இரைகிறது, கொதித்ததும் ஏன் அடங்குகிறது? எனக்கே தெரியவில்லை; ரகசியமாகத் தேடிப் படித்தேன். இது பதினோராவது கேள்வி. எல்லாம் மாலை நாலே முக்காலை ஒட்டித்தான் வருகின்றன. யார் இது? எனக்கு மூக்கு வேர்க்கிறது.

அறிவியல் முகாமுக்கு எங்கள் பள்ளிக்கு ஒரே இடம். பதினெட்டாம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்குத்தான் கொடுப்பேன்.

நவம்பர் 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். விஜய்குமார்! அப்பா வேல்சாமி பழவங்காடியில் பரோட்டா மாஸ்டர், திருநெல்வேலிக்காரர். கல்லும் பொருந்துகிறது, தமிழும் பொருந்துகிறது. வகுப்பில் எழுப்பி, நீதானே என்றேன். தலையாட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். முகாமுக்கும் அவன்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

பெயர் தேடமாட்டேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே — அது இப்போதுதான் நினைவு வருகிறது.

நவம்பர் 13, வியாழன்

அந்த ஆளிடமிருந்து ஒன்றுமே வரவில்லை.

நவம்பர் 17, திங்கள்

விஜய்குமாரிடம் தோசைக்கல்லைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். திருதிருவென்று விழித்தான். பிறகு ஒரே அழுகை. "டீச்சர் கேட்டதும் எல்லாரும் கை கொட்டினாங்க. பின்னே எப்படி இல்லேன்னு சொல்ல?"

அவனை என்னத்தைத் திட்ட? நான்தான் முந்திரிக்கொட்டை. தப்பு என்னுடையது, அவனை யாரும் கேலி செய்யக் கூடாது என்று வகுப்பில் சொன்னேன். நாளைக்குப் பெயர் கொடுக்கணும், கேட்டவருக்கு இஷ்டமிருந்தால் வந்து சொல்லட்டும் என்றும் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மதியம் ஸ்டாஃப் ரூம் வாசலில் சுஜா. கடைசி வரிசைப் பெண். ஜூனிலிருந்து அவள் குரலையே நான் கேட்டதில்லை.

"எழுதினது நானாக்கும் டீச்சரே. ஆனா கேட்டது நான் இல்ல. அம்மை."

அம்மா உலகம்மாள், ஆரியசாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். மதியப் பந்தி முடிந்து வீட்டுக்கு வந்தால் ஆறு மணிக்குத்தான் திரும்பப் போகணும். பள்ளி விட்டதும் இருவரும் உட்கார்ந்து என் வீடியோ பார்ப்பார்களாம். சுஜாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. அம்மா சொன்னதை அப்படியே மலையாள எழுத்தில் போட்டிருக்கிறாள்.

"பிறகு ஏன்டி நிறுத்தினே?"

"விஜய்குமாருக்குக் கை கொட்டினதச் சொன்னேன். அம்மைக்கு ஒரே சிரிப்பு. நம்ம கேள்விக்கா கொட்டுனாங்க, அது போதும்ட்டி, அந்தப் பயலக் காட்டிக் குடுத்திராதேன்னா."

எனக்கோ கவலை. முகாம் பிள்ளைகளுக்கு, அம்மாவின் பெயரை அதில் எப்படி எழுதுவது? மலையாளப் பாடம் அம்மாவுக்குப் புரியுமா என்று சும்மா கேட்டேன்.

"பாதி புரியும். நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் குடுப்பேன். அம்மை ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு கேள்வி கேக்கும். எனக்குத் தெரிஞ்சதுக்கெல்லாம் நானே பதில் சொல்லிருவேன் டீச்சர். தெரியாததத்தான் உங்களுக்கு எழுதினது."

ஒரு மாதத்தில் எனக்கு வந்தவை மொத்தமே பதினொன்று.

படிவத்தை எடுத்து, அவள் முன்னாலேயே சுஜா என்று எழுதினேன்.