அசையும் பொருள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று ஆரம்பித்தால் நீ நம்ப மாட்டாய். கோபமாக இருக்கிறேன், அதிலிருந்தே உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள். அம்மாவுக்கு முட்டிவலி உண்டு, வாய்வலி இன்னும் வரவில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

சாலை அகலமாகப் போவது உனக்குத் தெரியும். முதலில் போட்ட வரைபடத்தில் நம் பக்கம் எட்டடி, எதிர்ப்பக்கம் எட்டடி. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சாலை எல்லாருக்கும் வேண்டியதுதான். எட்டடி போனால் பட்டறையின் முன்கூரையும் பெயர்ப்பலகையும் போகும், லேத்து தப்பிக்கும். இரண்டாவது வரைபடத்தில் எதிரே இருக்கும் லாரி கம்பெனி மதிலில் ஒரு செங்கல்கூடப் போகவில்லை. பதினாறு அடியும் நம் பக்கமே. லேத்துக்கு அப்பா போட்ட கான்கிரீட் அடித்தளம் பத்தாவது அடியில் ஆரம்பிக்கிறது.

அறிவிப்பு வந்த முப்பது நாளுக்குள் ஆட்சேபனை எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நான் பேசப் பேச நிலமெடுப்பு அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மனுஷனுக்குப் புரிந்துவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். ஒரே வாரத்தில் மறுப்பு உத்தரவு வந்தது. தலையை ஆட்டுவது அவருக்குப் பழக்கமாம்.

அந்த உத்தரவில் ஒரு வரி இருந்தது. "மேற்படி இடத்திலுள்ள கடைசல் இயந்திரம் அசையும் பொருளாதலால் உரிமையாளர் அதை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லலாம்." நிலத்தை மட்டும் கேட்டிருந்தால்கூட அழுதுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. இரண்டு டன் இரும்பை நாற்காலி மாதிரி தூக்கிக்கொண்டு நட என்கிறவர்களை எப்படி விடுவது? மறுநாளே கோர்ட்டுப் படி ஏறிவிட்டேன்.

முதல் நாள் அரசு வக்கீல் பொதுநலம், பொதுநலம் என்று பத்துத் தடவை சொன்னார். நம் வக்கீலம்மா, பொதுநலத்தை நாங்கள் மறுக்கவில்லை, அது ஏன் ஒரு பக்கத்துக் கதவை மட்டும் தட்டுகிறது என்றுதான் கேட்கிறோம் என்றார். நீதிபதி என்னைப் பார்த்து, மிஷினைப் பத்தடி பின்னால் தள்ளி வைத்துக்கொண்டால் என்னம்மா என்று கேட்டார். வீட்டில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஐயா, அசைஞ்சா அது லேத்தே இல்லைங்க. மயிரிழை அசைஞ்சாலும் கடையற இரும்பு வட்டமா வராது. இந்த அடித்தளத்தை உடைச்சா, அப்புறம் அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்."

அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். தீர்ப்பு வரும்வரை இடத்தில் கை வைக்கக் கூடாது என்று தடை போட்டார். நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீலை ஆணையராக அனுப்பினார்.

வந்த ஆணையர் பளபளவென்று ஷூ போட்டிருந்தார். உள்ளே வைத்த முதல் அடியிலேயே எண்ணெயும் இரும்புச் சுருளும் ஒட்டிக்கொண்டன. அம்மா நாற்காலி போட்டாள், அவர் உட்காரவில்லை. நான் லேத்தின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுக்கோட்டில் நிற்பதைக் காட்டிவிட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எதிர்க் கம்பெனியிலிருந்து சரக்கு ஏற்றிய லாரி ஒன்று வெளியே வந்தது. ஜன்னல் அதிர்ந்தது, அலமாரியில் ஸ்பேனர்கள் கலகலத்தன. குமிழி அப்படியே நின்றது. இன்னொரு லாரி வரட்டும் என்று அவரே காத்திருந்தார். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இது அம்மி இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை இரண்டாவது விசாரணை. "லாரிகள் கடந்தபோதும் குமிழி அசையவில்லை" என்ற வரியை நீதிபதி வாய்விட்டே படித்தார். எட்டடி, எட்டடி என்ற பழைய வரைபடத்தை ஏன் கைவிட்டீர்கள் என்று அரசு வக்கீலைக் கேட்டார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போதுதான் அரசு வக்கீல் தன் காகிதக் கட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை உருவினார். நிலத்தின் உரிமையாளர் இருவரில் ஒருவர் முழுச் சம்மதம் தந்திருக்கிறார் என்றார். உன் சம்மதம்.

போலியாக இருக்கும், மறுத்துவிடலாம் என்று வக்கீலம்மா காதில் சொன்னார். வாங்கிப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் நுனி இல்லாதவன் பேனா பிடித்தால் எழுத்து எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியாதா? என் தம்பி எழுதியதுதான் என்று நானே கோர்ட்டில் சொன்னேன். பொய் சொல்லி ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை.

காரணம் என்று போட்ட இடத்தில், இந்தப் பட்டறை இல்லாமல் போவதே குடும்பத்துக்கு நல்லது என்று எழுதியிருக்கிறாய். அதை என் காதுபட ஒரு அந்நியர் படித்தார். எனக்கு வலித்தது.

ஒன்று சொல்கிறேன். பதினெட்டு வருடமாக நாம் எல்லாரும் உன் விரலை மிஷின் சாப்பிட்டுவிட்டது என்றே சொல்லி வருகிறோம். மிஷின் தானாக ஓடாது. நீ உள்ளே கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டவள் நான். உனக்கு அது தெரியும். நீ ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை, நானும் திறந்ததில்லை. நீ மூட்டை கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போனபோதும், நல்ல வேலை கிடைத்தது என்றுதான் அக்கம்பக்கத்தில் சொன்னேன். தப்பு என் மேல். கோபத்தை என் மேல் காட்டு, லேத்து மேல் காட்டாதே. அது இன்றுவரை அம்மாவுக்கும் எனக்கும் சோறு போடுகிறது.

அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதிக்குள் நீ நேரில் வந்து, சம்மதம் உண்டு அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. வராவிட்டால் தாளில் உள்ளதே நிற்கும். சம்மதத்தைத் திரும்பப் பெறு என்று கெஞ்சப் போவதில்லை. மனசு மாறாவிட்டாலும் வா. என் எதிரே நின்று பட்டறை வேண்டாம் என்று சொல், நானே சுத்தியலை எடுத்து அடித்தளத்தை உடைக்கிறேன். உனக்காக உடைப்பேன். எதிர்க் கம்பெனி மதிலைக் காப்பாற்ற உடைக்க மாட்டேன், எத்தனை கோர்ட்டு ஏற வேண்டியிருந்தாலும் சரி.

உன் அறையை அம்மா கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

எந்த ஊரில் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது. நிலம், லேத்து, அம்மா, நான் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். அப்பா விட்டுப்போனதில் அசையும் பொருள் நீ ஒருவன்தானடா. கொஞ்சம் அசைந்து வா.

உன் அக்கா