பலாப் பலகைப் பெட்டிகள்

மஸ்கட்
3-9-1986

அன்புள்ள செல்விக்கு,

மனுவேல் எழுதுவது. வெயிலைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏற்காட்டில் பிறந்தவனுக்கு அந்த ஒரு குறை போதாதா?

என்னோடு வேலை செய்யும் மரியஅந்தோணி லீவில் ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு ஜோடி ஸ்பீக்கர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். சுற்றியிருக்கும் கம்பளியைப் பிரிக்காமல் அப்படியே டிரங்குப் பெட்டியில் வை. நான் வந்து சேலத்தில் நல்ல ஆசாரியாகப் பார்த்து மரப்பெட்டி செய்துகொள்கிறேன். பெட்டிக்குள் உட்கார்ந்தால்தான் அதற்குக் குரல் வரும்.

எப்போது வருவீர்கள் என்று கேட்பாய். பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நான் அங்கே வந்து என்ன செய்ய? பழையபடி சேலத்து மைக்செட்காரரிடம் ஒயர் இழுக்கவா? அது இந்த ஜென்மத்தில் இனிக் கிடையாது.

உன்
மனுவேல்


சேசு மரி சூசை
ஏற்காடு
28-9-1986

அன்புள்ள மாமாவுக்கு,

பிரித்துவிட்டேன். கோபப்படுங்கள், ஆனால் மேலே படியுங்கள்.

அந்த ஸ்பீக்கரின் முகம் வெறும் காகிதம். நம் ஊர்ப் பனியில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்த என் தோல் செருப்பே பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. காகிதம் எத்தனை நாள் தாங்கும்? அதனால் பெட்டியை நானே செய்யப் போகிறேன். சிரிக்காதீர்கள். நான் எஸ்டேட் தச்சர் மகள். மாதா கோயில் பெஞ்சுகளில் பாதி என் கை இழைத்தவை. அப்பா போன பிறகும் அவருடைய இழைப்புளிக்கும் உளிக்கும் எண்ணெய் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

மஞ்சக்குட்டை செல்லப்பன் அண்ணன் தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் பலகை கொண்டுவந்து போட்டார். "பச்சை மரமுங்க அம்மிணி, ஒரு கோடை காயோணுமுங்க" என்றார். நான் கேட்கவில்லை. அறுத்து மூட்டிய பெட்டி ஒரு வாரத்தில் பொரித்த அப்பளம்போல வளைந்துவிட்டது. இப்போது காய்ந்த மரம் தேடுகிறேன்.

கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள். இதைக் கெஞ்சி எழுதவில்லை, கோபமாகத்தான் எழுதுகிறேன்.

லூர்துசெல்வி


மஸ்கட்
14-10-1986

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெஞ்சு வேறு, ஸ்பீக்கர் பெட்டி வேறு. பெஞ்சில் சந்து இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. பெட்டியில் ஊசி நுழையும் சந்து இருந்தாலும் காற்று சீறும், பாட்டு கெட்டுப்போகும்.

சரி, தொட்டுவிட்டாய். சொல்வதையாவது கேள். ஆணியை நம்பாதே. மூலைக்கு மூலை உள்ளே கட்டை கொடுத்து வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டு. உள்சுவர்களில் பஞ்சு கட்டு, இல்லாவிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கும். முடிந்ததும் பெட்டியின் தலையில் காலி டம்ளரை வைத்துப் பாட விடு. டம்ளர் கிணுகிணுத்தால் அந்தப் பெட்டி விறகுக்குத்தான் ஆகும்.

ஆனால் காய்ந்த மரத்துக்கு நீ எங்கே போவாய்? நான் வரும்வரை பொறு. கையெழுத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெறுங்கையோடு வந்து ஊரார் முன்னால் நிற்க எனக்கு மனமில்லை.

மனுவேல்


சேசு மரி சூசை
ஏற்காடு
20-11-1986

அன்புள்ள மாமாவுக்கு,

மரம் கிடைத்துவிட்டது. நம் கல்யாணக் கட்டில்.

ஆமாம், அப்பா சீதனமாகச் செய்து கொடுத்த அந்தப் பலாப் பலகைக் கட்டில்தான். இந்த மலையில் அதைவிடக் காய்ந்த மரம் ஏது? இரண்டு பேருக்கென்று அகலமாகச் செய்தது. ஒருத்தி ஓரத்தில் படுத்து எழுந்திருப்பதற்கு எதற்கு அவ்வளவு அகலம்? பஞ்சு கேட்டீர்களே, மெத்தையையும் பிரித்துவிட்டேன். நல்ல இலவம் பஞ்சு.

சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, கோட்டுக்கு உள்பக்கமாகவே அறுத்தேன். ஸ்பீக்கர் கச்சிதமாக உட்கார்ந்தது. எறும்புகூட நுழைய முடியாது. பாலிஷ்தான் என்னை அழவைத்தது. பூசிக் காய்வதற்குள் வாசலில் பனி இறங்கி, பெட்டி முழுக்க மோர் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. பேக்கரி ஆரோக்கியதாஸ் அண்ணனிடம் போய், அடுப்புச் சுவருக்குப் பின்னால் சூடான இடம் இருக்கிறதே, கொடுங்கள் என்றேன். "ஏனுங்க, கேக்கு வேகற எடத்துல பாலிஷ் வாசம் அடிச்சா கிறிஸ்மஸ் யாவாரம் என்னத்துக்குங்க ஆவும்?" என்றார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை, நெருப்பை அள்ளிய பிறகு இடம் கொடுத்தார். ஸ்பிரிட் தொட்ட துணியால் தேய்க்கத் தேய்க்க வெள்ளை கலைந்து, பலாவின் மஞ்சள் எழும்பி வந்தது. என் முகம் அதில் தெரிந்தது. மாமா, எனக்குக் கர்வமாக இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

செல்வி


மஸ்கட்
5-12-1986

செல்வி,

கட்டிலை அறுத்தாயா? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நான் வந்தால் எங்கே படுப்பேன் என்று நினைத்துப் பார்த்தாயா?

அந்த வீட்டில் எனக்கு இனி இடமில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்? ஒப்பந்தக் காகிதம் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. பிப்ரவரி பத்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடப் போகிறேன்.

மனுவேல்


சேசு மரி சூசை
ஏற்காடு
26-1-1987

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. அழுதுகொண்டே எழுத எனக்குப் பிடிக்காது. இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன்.

செல்லப்பன் அண்ணன் மகள் கல்யாணம் போன வாரம் மஞ்சக்குட்டையில் நடந்தது. நீங்கள் விட்டுவிட்டுப் போன ஆம்ப்ளிஃபயரையும் பெட்டிகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு எதிரே நிற்பவர் தெரியாத பனி. பாட்டைப் போட்டேன். பெட்டியின் மேல் டம்ளரை வைத்தேன், நிறையக் காப்பியோடு. மேளச் சத்தம் வயிற்றில் வந்து இடிக்கிறது, டம்ளர் கம்மென்று இருக்கிறது! செல்லப்பன் அண்ணன் சொன்னார்: "பனியில பொண்ணு மாப்பிள்ளையே கண்ணுக்குத் தெரியலீங்க அம்மிணி. ஆனா பாட்டு நொம்ப நல்லாருக்குதுங்க." கீழ்க்காட்டில் வேலை செய்தவர்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே பந்திக்கு வந்து சேர்ந்தார்கள். கிளியூரிலும் வெள்ளக்கடையிலும் அடுத்த கல்யாணங்களுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள்.

போர்டு எழுதும் சித்தன் பெட்டியில் பெயர் எழுத வந்தார். "ஓனரு பேரு சொல்லுங்க" என்றார். 'செல்வி சவுண்ட் சர்வீஸ், ஏற்காடு' என்று எழுதச் சொன்னேன். பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விடச் சொன்னேன்.

எங்கே படுப்பேன் என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி வருகிறவர் கேட்க வேண்டியது.

செல்வி


மஸ்கட்
8-2-1987

செல்வி சவுண்ட் சர்வீஸ் ஓனர் அம்மா அவர்களுக்கு,

உன் கடிதத்தை மரியஅந்தோணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். காப்பி டம்ளர் வந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். "பெட்டி செஞ்சது யாருங்க?" என்று தெரியாதவன்போலக் கேட்டான். என் பெண்டாட்டி என்றேன். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் புறப்படுகிறேன்.

பெயருக்கு விட்ட இடத்தில் ஒன்றும் எழுத வேண்டாம். அங்கே ஒரு பூ வரையச் சொல். பெட்டி உன்னுடையது.

உங்கள் கம்பெனியில் ஒயர் இழுக்க ஆள் தேவைப்பட்டால் இந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொள்ளவும். முன் அனுபவம் உண்டு. தங்க இடம் மட்டும் கொடுத்தால் போதும். கட்டில் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
வேலை கேட்கும்
மனுவேல்