நீ வார்த்த மூன்று கட்டிகள்

என் பிடிவாதக்கார அக்காவுக்கு,

நீ கடைசியாக வார்த்துவிட்டுப் போன கான்கிரீட் கட்டிகளை இன்று உடைத்தோம்.

பாக்கூர் ஜல்லி, தாமோதர் மணல், அனல்மின் நிலையச் சாம்பல். இங்கே கிடைப்பதை வைத்தே எம்-80 என்னும் உயர்ந்த வலுவைத் தொடலாம் என்றாய். "வீம்பு பண்ணாதே, வெளியிலிருந்து வரவழைப்போம்" என்று சைட் எஞ்சினியரான நான் மல்லுக்கு நின்றேன். உன் மணல் லாரியை ஒரு நாள் மறித்தும் வைத்தேன். நீ கட்டி வார்ப்பது ஒரு நாள் தள்ளிப்போனது; அந்த ஒரு நாள்தான் இன்று கழுத்தைப் பிடித்தது.

தண்ணீரில் ஊறும் கட்டியை, வார்த்த இருபத்தெட்டாம் நாளில் சரியாக நசுக்கிப் பார்க்க வேண்டும். அந்த நாள், இங்கத்து ஆயுதபூஜையான விஸ்வகர்மா பூஜையில் வந்து விழுந்தது! லேபில் மெஷினுக்குச் சாமந்தி மாலை, பொட்டு, பக்கத்தில் சிலை. இன்று எந்த மெஷினும் ஓடாது. நாளை உடைத்தால் கன்சல்டன்ட் ஏற்கமாட்டார், வெளிக்கல்லுக்கு ஆர்டர் போய்விடும். மறுபடி வார்க்க நீயும் இல்லை. வார்த்த பதினோராம் நாளே கண்ணை மூடிவிட்டாயே, அக்கா.

மெஷின் ஓட்டும் தபன்தாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"இன்னிக்குத் தொடக்கூடாது, பாபு. பாவம்."

"தப்பு என்னோடது, தபன்தா. அக்காவை ஒரு நாள் தாமதப்படுத்தினது நான்தான்."

இதை உன்னிடமே சொல்லியிருக்கக் கூடாதா?

அவர் சிலையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மெஷினின் மாலையைக் கழற்றிச் சிலைக்குப் போட்டார். "வருஷா வருஷம் இந்த மாலையை உங்க அக்கா, எங்க தீதிதான் வாங்கிட்டு வருவாங்க. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

முதல் கட்டி தேறியது. இரண்டாவதும் தேறியது. மூன்றாவதில், வேண்டிய அளவை எட்டும் முன்பே 'டிக்' என்று ஒரு சத்தம். ஆனால் அளவு காட்டும் முள் நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. அளவைத் தாண்டிய பிறகுதான் கட்டி வெடித்தது.

தபன்தா ஒரு சில்லை எடுத்துக் காட்டினார். பாக்கூர் ஜல்லி குறுக்கே பிளந்திருந்தது. கல்லே பிளந்தும் உன் சாந்து அதை விடவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரம் உன் கலவையில் முதல் தூண் வார்க்கிறோம். மழைக்காலம், மணல் ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தை நானே அளந்து, கலவைக்கு ஊற்றும் தண்ணீரில் கழிப்பேன். உன் லாரி வரும்போது கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன், அக்கா.

காளிகாட் வீட்டிலிருந்து,
அன்று அதை மறித்த உன் தம்பி
ரகு