கீரிமலைச் சுறாவும் சனிக்கிழமை இங்கிலீசு வகுப்பும்

மாஸ்டர்,

இன்று காலை வெங்காயக் கொட்டிலைத் திறந்தேன். யாரோ ஒரு பிள்ளை வெள்ளைப் பலகை மார்க்கரை மூடாமல் விட்டிருக்கிறது. கட்டித் தூக்கிய வெங்காயத்தின் மணமும் மை மணமும் சேர்ந்து மூக்கில் ஏறின. அந்த இரண்டும் ஒன்றாய் வந்தால் எனக்கு அது நீங்கள்தான்.

சனிக்கிழமைகளில் இந்தக் கொட்டிலில் வகுப்புத் தொடங்கியதும் பின்வரிசை வாங்கில் இருக்கும் என்னைப் பார்த்து, "அண்ணை, இண்டைக்கு என்ன புளுகு?" என்பீர்கள். நான் அவிழ்த்துவிடுவேன். கீரிமலைக் கேணியில் முக்குளித்து நான் காங்கேசன்துறைக் கடலில் எழும்பிய கதை. நடுவழியில் காரைநகர் பஸ்ஸளவு சுறா ஒன்று எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. நடந்ததுதான், மாஸ்டர். நீளத்தில் வேண்டுமானால் ஒரு சாண் கூடக்குறைய இருக்கலாம்.

பிள்ளைகள் சிரித்துச் சிரித்து அதை இங்கிலீசில் எழுதுவார்கள். "பசுமாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் நாலு வரியோடை நித்திரையாப் போவாங்கள். உங்கடை புளுகுக்கு ரெண்டு பக்கம்!" என்பீர்கள். எழுதியதை என் முன்னால் நின்று வாசித்து, தமிழிலும் சொல்லவேண்டும். நான் தலையாட்டிய பிறகுதான் உங்கள் சிவப்புப் பேனை திறக்கும். ஆறாம் வகுப்பில் முழுசாய் இரண்டு தவணை இருந்தவனுக்கு அந்த மரியாதை பொருத்தம்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் இப்படித் திடீரென்று போவீர்கள் என்று யார் கண்டது? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலைக்குப் போனோம். கரையில் ஈர வேட்டியோடு நிற்கையில், பதினோராம் வகுப்புத் துளசியின் தாய் கேட்டாள்: "சோதினை வருது. இனிப் பிள்ளையளின்ரை இங்கிலீசுக்கு ஆர்?"

அந்தக் கேள்வி எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன், நான் சாகேல்லையே? மாஸ்டரும் நானும் பாதிப் பாதியாத்தானே படிப்பிச்சனாங்கள்!" என்றேன்.

அவ்வளவுதான். அன்றுமுதல் சனிக்கிழமை விடிந்தால் நான் எலிப்பொறிக்குள். ஒருமுறை கால் நோவென்று படுத்துப் பார்த்தேன். எண்ணெய்ப் போத்தலும் கொப்பியுமாய்ப் பிள்ளைகள் என் படுக்கைக்கே வந்துவிட்டார்கள். துளசிக்கோ இங்கிலீசில் சித்தியடைய இந்த ஒரு முறைதான். வேறு வகுப்புக்கு விட அந்த வீட்டில் வசதியில்லை. என் வாயால் அவள் வருஷம் வீணாகுமோ என்று சோறு இறங்கவில்லை.

போன கிழமை வகுப்பு நேரம் துளசியின் தாய்க்காரி கொட்டிலுக்கே வந்து, மகளின் கொப்பியை என் மடியில் வைத்தாள். "அண்ணை, இதை ஒருக்காத் திருத்துங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

எழுத்துகள் எறும்புபோல ஊர்ந்தன. வாசலில் அவள், முதுகுக்குப் பின்னால் வெங்காயம். எங்கே ஓடுவது?

"பேனையாலை திருத்திறது எல்லாரும் செய்யிறது," என்றேன். "பிள்ளை, வாசிச்சிட்டுத் தமிழிலை சொல்லு."

துளசி வாசித்தாள். பிறகு தமிழில், "மாமா தண்ணிக்குள்ளை ஒரு பெரிய மீனைக் கண்டவர்," என்றாள்.

"பெரிய மீனோ? என்ரை சுறா எங்கை? பஸ் எங்கை?"

"சுறாவுக்குச் சொல் தெரியேல்லை மாமா. பஸ்ஸளவு எண்டு எப்பிடி எழுதிறதெண்டும் விளங்கேல்லை. விட்டிட்டன்."

"விட்டிட்டியோ? ஊர்ச் சந்தையிலை வாங்கிற மீனுக்கோ நான் கேணிக்குள்ளை குதிச்சனான்? தேடு!"

பிள்ளைகள் அகராதியைப் பறித்துப் பறித்துத் தேடினார்கள். நீங்கள் திருத்தித் தந்த பழைய கொப்பிகளைப் புரட்டி வசனத்தைப் பொருத்தினார்கள். துளசி மறுபடி வாசித்துத் தமிழில் சொன்னபோது சுறா வந்தது, பஸ் வந்தது, வழிவிட்டு ஒதுங்கியும் நின்றது. தாய்க்காரி வாயைப் பொத்திச் சிரித்தாள். "தங்கச்சியின்ரை பிள்ளையள் ரெண்டையும் வாற கிழமை வகுப்புக்கு விடுறன், அண்ணை," என்று சொல்லிப் போனாள். பொறி இன்னும் இறுகிற்று.

அவள் போனதும் துளசி மெல்லச் சொன்னாள்: "மாமா, உங்களுக்கு இங்கிலீசு தெரியாதெண்டு எங்களுக்கு எப்பவோ தெரியும். 'மாமாவிட்டை இருந்து வந்த கதை குறையாமல் மாமாவிட்டையே திரும்பிப் போகவேணும். போகாட்டி நீங்கள் எழுதினது பிழை' எண்டு மாஸ்டர் சொன்னவர்."

அப்படியென்றால் நான் கரையில் சொன்னது புளுகே இல்லை. பாதி வகுப்பு நான்தான். அதை நினைத்துப் பெருமைப்படுவதா, இனித் தப்பவே முடியாதென்று அழுவதா?

இன்று எல்லாரும் வந்து இருந்ததும் துளசி, "மாமா, இண்டைக்கு மாஸ்டரைப் பற்றிச் சொல்லுங்கோ," என்றாள்.

வாய்வரை என்னென்னவோ வந்தது. ஆனால் உங்கள் முன்னால் இருந்து படித்த பிள்ளைகள் அவர்கள். ஒரு சாண் கூட்டினாலும் பிடித்துவிடுவார்கள். "மாஸ்டர் மெல்லிய ஆள். சைக்கிளிலை வருவார். நான் கதைச்சால் கேட்டுக்கொண்டிருப்பார்," என்றேன். எழுதினார்கள்.

"பிறகு, மாமா?"

என் கதை எதுவும் இதுவரை முடிந்ததில்லை, மாஸ்டர். உங்கள் கதை அந்த இடத்தில் நின்றுவிட்டது. அதை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. பேனைகளைப் பிடித்தபடி அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.